எந்த டேப்பிலிருந்து எடுத்தீர்கள்? பிங்க் ஃபிளாய்டின் புதிய உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சோனி மியூசிக் நிறுவனத்தில் பழைய ஆல்பங்களின் மறுவெளியீட்டைக் கவனித்துக்கொள்ளும் அனைவருக்கும்,

வணக்கம்.

2024 அக்டோபரில் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் ஒலிப்பதிவு உரிமைகளை நீங்கள் ஏறத்தாழ 40 கோடி டாலருக்கு வாங்கியதாகச் செய்தி வந்தது. அன்று இரவு அவர்களின் 1973 ஆல்பமான ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பத்தைப் போட்டுக் கேட்டேன். முடிந்ததும் அதே ஆல்பத்தின் இன்னொரு பதிப்பைப் போட்டேன். அப்புறம் மூன்றாவது. 43 நிமிட ஆல்பம் அது. எழுந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. அதே பாட்டுகள், அதே ஸ்டீரியோ மிக்ஸ் (தனித்தனியாகப் பதிவானவற்றைக் கலந்து எடுத்த இறுதி வடிவம்). ஆனால் மூன்றும் மூன்று விதமாக ஒலித்தன. ஏன் என்பதை உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் தெரிந்துகொள்ள முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

ஒப்பிட்டுக் கேட்கும்போது நான் செய்கிற முதல் வேலை, எல்லாப் பதிப்புகளின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. இரண்டு பதிவுகளில் ஒன்று அரை டெசிபல் கூடுதலாக ஒலித்தாலே போதும். சத்தம் கூடியதாகத் தோன்றாது, அது ‘தெளிவாக’ இருப்பதாகவும் ‘உயிரோடு’ இருப்பதாகவும் காது நம்பிவிடும். புதிய ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஒலியைச் சீரமைத்து வெளியிடும் பதிப்பு, கேட்டு முதல் ஐந்து நிமிடம் நாம் வியப்பதில் பாதி இந்த ஏமாற்றுதான். வால்யூமைச் சமன் செய்துவிட்டுக் கேட்டால் வேறு கதை.

இந்த ஆல்பத்தைச் சோதிக்கத் தனியாகக் கருவி எதுவும் தேவையில்லை. ஆரம்பத்தில் வரும் இதயத்துடிப்பே போதும். கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத இடத்திலிருந்து அது எழுந்து வருகிறது. நல்ல பதிப்பில் முதல் சில நொடிகள், பாட்டு ஓடுகிறதா இல்லையா என்றே சந்தேகமாக இருக்கும். சில நிமிடங்கள் கழித்து ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் அடிக்கும்போது உடம்பு தூக்கிப் போட வேண்டும். பழைய கடிகாரக் கடை ஒன்றில் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் ஒவ்வொரு கடிகாரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து கொண்டுவந்தது அதற்காகத்தானே? அந்தத் துடிப்புக்கும் இந்த அடிக்கும் நடுவில் உள்ள தூரமே இந்த ஆல்பம் என்பேன். சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரைப் போட்டு உச்சங்களை வெட்டி, மொத்தத்தையும் மேலே தூக்கும்போது, மேடும் பள்ளமுமான நிலத்தை நிரவிவிட்டதுபோல் ஆகிவிடுகிறது. துடிப்பு சீக்கிரமே கேட்டுவிடுகிறது. கடிகாரம் அடிக்கிறது, ஆனால் யாரையும் எழுப்புவதில்லை.

2003-இல் வந்த 30-ஆம் ஆண்டுப் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது ஹைப்ரிட் வட்டு. ஒரே வட்டில் எஸ்ஏசிடி (சிடியைவிட உயர்ந்த தரத்துக்கென வந்த வட்டு முறை) அடுக்கு ஒன்று, சாதாரண சிடி அடுக்கு ஒன்று. ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்த 5.1 மிக்ஸ் (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்துக் கேட்பது) அதில்தான் முதலில் வந்தது. அற்புதமான வேலை. பார்சன்ஸும் குழுவும் 16 ட்ராக் டேப், அதாவது 16 தனித் தடங்கள் கொண்ட டேப், நிறைந்ததும் அதைக் குறைத்து இன்னொரு 16 ட்ராக் டேப்புக்கு மாற்றி வேலையைத் தொடர்ந்தார்கள். அதனால் 1973-இன் ஸ்டீரியோ மிக்ஸில் நாம் கேட்கும் டிரம்ஸ் ஏற்கெனவே ஒரு நகல். கத்ரி பொறுமையாக அந்த முதல் தலைமுறை டேப்புகளுக்கே திரும்பிப் போனார்.

ஆனால் அதே வட்டின் இரண்டு ஸ்டீரியோ அடுக்குகளும் ஒன்றல்ல. ‘ஸ்டீரியோஃபைல்’ பத்திரிகை அப்போதே அளந்து காட்டியது: சிடி அடுக்கு கூடுதல் சத்தத்தோடு அமுக்கப்பட்டிருந்தது, எஸ்ஏசிடி அடுக்கு அப்படி இல்லை. நானும் சத்தத்தைச் சமன் செய்து கேட்டேன். ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டில் சரணம் தணிந்து போய், கோரஸ் அலைபோல் எழும் இடத்தில் வித்தியாசம் தெரிகிறது. எஸ்ஏசிடி அடுக்கில் கோரஸ் உண்மையாகவே பெரிதாகிறது. சிடி அடுக்கில் நெரிசல்தான் கூடுகிறது.

இதன் விளைவு என்ன தெரியுமா? சாதாரண சிடி பிளேயர் வைத்திருந்தவருக்கு, தன் கையில் உள்ள அதே வட்டுக்குள் இதைவிட நல்ல ஒலி இருக்கிறது என்பதே தெரியாமல் போனது. எஸ்ஏசிடி பிளேயர் வாங்கியவரோ இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டு, “பார்த்தாயா, எஸ்ஏசிடி என்றால் எஸ்ஏசிடிதான்” என்று முடிவு கட்டினார். அவர் ஒப்பிட்டது இரண்டு தொழில்நுட்பங்களை அல்ல, இரண்டு மாஸ்டரிங்குகளை, அதாவது வெளியிடும் முன் ஒலியை இறுதியாகச் சீரமைத்த இரண்டு விதங்களை. 16 பிட் சிடியில் 96 டெசிபல் அளவுக்கு ஏற்ற இறக்கத்தை அடக்கலாம். இந்த ஆல்பத்துக்கு அது தாராளம். குறை சிடியில் இல்லை. 1999-இல் பிலிப்ஸோடு சேர்ந்து எஸ்ஏசிடியைக் கொண்டுவந்தது உங்கள் சோனிதான் என்பதால் இதை உங்களிடம் சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழைய தொடர்பும் உண்டு. 1983-இல் ஜப்பானில் தோஷிபா-இஎம்ஐ வெளியிட்ட இந்த ஆல்பத்தின் முதல் சிடியை அச்சிட்டுக் கொடுத்தது சிபிஎஸ்/சோனி. சேகரிப்பாளர்கள் ‘கறுப்பு முக்கோணம்’ என்று செல்லமாகச் சொல்லித் தேடி அலைவது அந்த வட்டைத்தான். நண்பர் வீட்டில் ஒரே ஒருமுறை கேட்டிருக்கிறேன். சத்தம் குறைவு, வால்யூமை நன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பிய பிறகு, பாடகி கிளேர் டோரியின் குரல் உச்சத்துக்குப் போகும்போது அவரைச் சுற்றி ஓர் அறை இருப்பது தெரிந்தது. 40 ஆண்டு பழைய டிஜிட்டல் மாற்றி வைத்துச் செய்த வட்டை ஆட்கள் பெரிய விலை கொடுத்து வாங்குவதற்குக் காரணம் வெறும் பழமை மோகம் இல்லை. அதில் யாரும் அதிகமாகக் கைவைக்கவில்லை என்ற நம்பிக்கைதான்.

அதற்குப் பின் வந்த எல்லாமே மோசம் என்று நான் சொல்லவில்லை. 1992-இல் ‘ஷைன் ஆன்’ பெட்டித் தொகுப்புக்காக டக் சாக்ஸ் மாஸ்டர் செய்தது, பிறகு தனி சிடியாகவும் வந்தது. அளவான, நேர்மையான ஒலி. யாராவது என்னிடம் எதை வாங்கலாம் என்று கேட்டால், பழைய சிடி கடையில் அதைத் தேடச் சொல்வேன். 2016-இல் பெர்னி கிரண்ட்மன் பள்ளம் வெட்டிய எல்பியும் (வினைல் இசைத்தட்டு) எனக்குப் பிடிக்கும். ‘மணி’ பாட்டின் கிட்டார் சோலோவில் எதிரொலி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, குழு ஒரு சின்ன அறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும் இடம் ஒன்று வருமே, அது அந்த எல்பியில் சரியாக விழுகிறது. சுற்றியிருந்த காற்று சட்டென்று போய்விடும், பிறகு திரும்பி வரும். 2011, 2023 பதிப்புகளையும் கேட்டேன். குறை சொல்ல முடியாத சுத்தம். ஆனால் என் காதுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும் ஒலி.

இவை என் கருத்து. இன்னொருவர் மாறாகச் சொல்லலாம், சொல்லட்டும். ஆனால் நாங்கள் எல்லோரும் இருட்டில் நின்று வாதாடுகிறோம் என்பதுதான் என் வருத்தம். எல்பியின் நடுவே, பள்ளம் முடிகிற இடத்தில் கீறியிருக்கும் எழுத்துகளை டார்ச் அடித்துப் படித்து, வெட்டியவர் யார் என்று கண்டுபிடிக்கிறோம். இது ரசிகர்களின் வேலையா?

ஒரு காலத்தில் சிடி உறையின் பின்னால் மூன்று எழுத்துகள் இருந்தன: ஏஏடி, ஏடிடி, டிடிடி. 1984 வாக்கில் வந்த வழக்கம். பதிவு, மிக்ஸ், மாஸ்டரிங் ஆகிய மூன்று கட்டங்களில் எது அனலாக், எது டிஜிட்டல் என்று அவை சொல்லின. போதாத தகவல்தான், ஆனாலும் வாங்குபவரிடம் ஏதோ ஒன்று சொல்ல வேண்டும் என்ற மரியாதை அதில் இருந்தது. அதுவும் மெல்ல மறைந்துபோனது.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை 2022 காட்டியது. மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம், முழுக்க அனலாக் என்று ரசிகர்கள் நம்பிய தன் உயர்விலை எல்பிகளில், பல ஆண்டுகளாக டிஎஸ்டி என்னும் டிஜிட்டல் முறையை இடையில் பயன்படுத்திவந்தது வெளியே தெரிந்ததும் ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், வழக்கு நீதிமன்றம் வரை போனது. அந்த எல்பிகளில் பல நன்றாகவே ஒலித்தன. கோபம் ஒலியைப் பற்றியது அல்ல, மறைத்ததைப் பற்றியது.

ஆகவே என் வேண்டுகோள். அடுத்த மறுவெளியீட்டின் உறையில், ‘புதிய ரீமாஸ்டர்’ என்று தங்க எழுத்தில் ஒட்டும் அந்த ஸ்டிக்கரிலேயே, எந்த டேப்பிலிருந்து எடுத்தது, அது முதல் மாஸ்டரா நகலா, எந்த ஆண்டில் டிஜிட்டலுக்கு மாற்றியது, மாஸ்டர் செய்தவர் யார், லிமிட்டர் போட்டதா இல்லையா என்று எழுதுங்கள். நான்கு வரிக்கு மேல் ஆகாது. ஸ்ட்ரீமிங்கிலும் இதே தகவல் வரட்டும். அங்கே ஒரே ஆல்பத்தின் ஐந்து பதிப்புகள் ஒரே அட்டைப்படத்தோடு நிற்கின்றன.

சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவதற்கு இப்போது காரணமும் இல்லை. ஸ்பாட்டிஃபை, அமைப்பை நாம் மாற்றாதவரை, பாட்டுகளை ஏறத்தாழ மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) என்ற ஒரே சராசரி அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. நீங்கள் எவ்வளவு தூக்கினாலும் அது இறக்கிவிடும். வெட்டிய உச்சங்கள் மட்டும் வெட்டியபடியே இருக்கும்.

பார்சன்ஸ் 1973-இல் செய்த நான்கு சேனல் குவாட் மிக்ஸையும் மறக்க வேண்டாம். 2011-இன் விலையுயர்ந்த ‘இமர்ஷன்’ பெட்டியில் அதைக் கொடுத்தார்கள், 2023-இன் 50-ஆம் ஆண்டுப் பெட்டியில் விட்டுவிட்டார்கள். அது ஒரு தனி ப்ளூ-ரே வட்டாக, சாதாரண ஆள் வாங்கும் விலையில் வர வேண்டும். நல்ல ஒலி பெட்டி வாங்குபவருக்கும் அமுக்கிய ஒலி மற்றவருக்கும் என்ற ஏற்பாட்டை நீங்கள் தொடரக் கூடாது.

கடைசியாக டேப்புகள். 2008 ஜூன் மாதம் ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் பற்றிய தீயில் மூல டேப்புகள் ஏராளமாக அழிந்தன. அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது வெளியுலகுக்குத் தெரியவே 11 ஆண்டுகள் ஆயின. உங்களிடம் வந்திருக்கும் டேப்புகளுக்கு 50 வயது தாண்டிவிட்டது. எந்தத் திருத்தமும் செய்யாமல், ஈக்யூ (பாஸ், ட்ரெபிள் போன்றவற்றைக் கூட்டிக் குறைப்பது) தொடாமல், லிமிட்டர் இல்லாமல் அவற்றை உள்ளது உள்ளபடி மாற்றி, ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களில் பத்திரப்படுத்துங்கள். முடிந்தால் அந்தத் தொடாத பிரதியையே எங்களுக்கும் விற்பனைக்குக் கொடுங்கள். இரைச்சலோடு இருக்கட்டும். ஆல்பத்தின் முடிவில் அபே ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தின் வாயில்காப்பாளர் ஜெரி ஓ’டிரிஸ்கால் பேசி முடித்த பிறகும் இதயத்துடிப்பு தொடர்ந்து, தேய்ந்து, டேப்பின் இரைச்சலுக்குள் போய்ச் சேர்கிறது. அந்த இரைச்சலைத் துடைத்து எடுக்காமல், துடிப்பு தானாக மறையும் வரை ஓடவிட்ட ஒரு பதிப்பு வந்தால், ஏழாவது முறையாக இந்த ஆல்பத்துக்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு நெடுநாள் ரசிகன்