ரேஷன் பாமாயில் டெண்டரில் இன்னும் ஒரு நிபந்தனை

தமிழ்நாடு உணவுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், நுகர்பொருள் வாணிபக் கழகத்தில் கொள்முதல் பார்க்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நான் பெரம்பூரில் குடியிருக்கும் ஒரு அட்டைதாரர். மாதா மாதம் ரேஷன் கடை வரிசையில் நின்று, கைரேகை வைத்து, 25 ரூபாய் கொடுத்து ஒரு லிட்டர் பாமாயில் வாங்கி வருகிறேன். 2007-ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்ததிலிருந்து எங்கள் வீட்டு அப்பளம், வடை, பூரி எல்லாம் அந்த எண்ணெயில்தான். வெளியே எண்ணெய் விற்கும் விலைக்கு இந்த ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பது வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாமாயிலை நிறுத்தச் சொல்லி இதை எழுதவில்லை. அது எந்த மண்ணில் விளைந்தது என்று விசாரித்து வாங்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

மார்கழிக் காலையில் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அம்மா அதை அடுப்புப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்து, இளகின பிறகுதான் மூலையைக் கத்தரிப்பார். போன மார்கழியில் அப்படி இளகக் காத்திருந்த நேரத்தில் உறையில் இருந்த எழுத்தையெல்லாம் படித்தேன். வைட்டமின் ஏ, டி சேர்த்தது என்று இருந்தது. அளவு இருந்தது, தேதி இருந்தது. எந்தத் தோட்டத்தில் காய்த்தது, எந்த ஆலையில் பிழிந்தது என்பது மட்டும் இல்லை.

இந்தக் கேள்வி எனக்கு வருவதற்குக் காரணம் என் தாத்தா. இதே சென்னைத் துறைமுகத்தில் ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். பல வருடம் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர். பிறகு தோட்டத்தில் செம்பனை போட ஆரம்பித்தார்கள். நாம் பாமாயில் மரம் என்பதற்கு மலேசியத் தமிழர் வைத்திருக்கும் பெயர் அது, நல்ல பெயர். செம்பனைக்கு இடம் போதாமல் பக்கத்துக் காட்டையும் வெட்டச் சொன்னார்கள். காடு வெட்டப் போன முதல் வாரம், விடியற்காலையில் உங்காக்கள் கூவும் சத்தம், தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசல் வரை கேட்டதாம். உங்கா என்பது மலாய்க்காரர் பேச்சு, வாலில்லாத நீளக் கைக் குரங்கு. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கூவுமாம். பெரிய மரம் ஒன்று சாய்ந்தால், கொடியில் பின்னிக் கிடக்கும் நாலைந்து மரங்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும். எல்லாம் காய்ந்ததும் நெருப்பு. மறு வருடம் அந்தக் கூவல் இல்லை. “கூலிக்கு வெட்டினோம்” என்பார் தாத்தா. அதற்கு மேல் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்களில் அவரும் ஒருவர்.

செம்பனை ஆசிய மரமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1848-ல் நாலு கன்றுகள் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. மலேயாவில் வியாபாரத்துக்கென்று முதல் தோட்டம் 1917-ல் சிலாங்கூரில் போட்டார்கள். இன்று உலகத்துப் பாமாயிலில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. உலகத்திலேயே அதிகமாக இறக்குமதி செய்வது நாம்.

அதற்கு விலை கொடுத்தவை அந்தப் பக்கத்துச் சுமத்ரா, போர்னியோ தீவுகள். அங்கே கடலோரத் தாழ்நிலங்களில் கரிச்சதுப்பு என்னும் ஒருவகைச் சதுப்புக் காடு உண்டு. உதிர்ந்த இலையும் கிளையும் மட்காமல் ஆயிரக்கணக்கான வருடமாகத் தண்ணீரில் ஊறி, பல அடி ஆழத்துக்குக் கரிமண்ணாகச் சேர்ந்திருக்கும். செம்பனை நடுவதென்றால் வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரை வடிக்க வேண்டும். வடித்தால் மண் காய்ந்து விறகாகிவிடுகிறது. ஒருமுறை பற்றினால் நெருப்பு தரைக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டே போகும். மேலே தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. 2015-ல் இந்தோனேசியாவில் மொத்தம் சுமார் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தக் கரிமண். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிகளை மூடினார்கள். எல்லாத் தீயும் செம்பனைக்காக வைத்தது என்று சொல்ல மாட்டேன், காகித ஆலை மரத் தோட்டங்களுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் தரைக்கு அடியில் அப்படிக் கனன்றது தண்ணீரை வடித்த நிலம்தான்.

அந்தத் தீவுக் காடுகளில்தான் ஒராங்குட்டான் என்னும் பெரிய வாலில்லாக் குரங்கு வாழ்கிறது. மலாய் மொழியில் அந்தப் பெயருக்குக் காட்டு மனிதன் என்று பொருள். தாய் ஒரு குட்டியை ஏழெட்டு வருடம் கூடவே வைத்து வளர்த்த பிறகுதான் அடுத்ததை ஈனும். சுமத்ராவின் பாத்தாங் தோரு மலைக்காட்டில் வாழும் ஒராங்குட்டான் தனி இனம் என்று 2017-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. மொத்தம் 800-க்கும் குறைவு. அது தெரிந்த நாளிலேயே அழிவின் விளிம்பில் நின்றது.

பாமாயிலையே விட்டுவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு ஹெக்டேர் செம்பனை வருடத்துக்கு மூன்று டன்னுக்கு மேல் எண்ணெய் தருகிறது. கடலையோ சூரியகாந்தியோ ஒரு டன் தருவதே அரிது. அதே எண்ணெய்க்கு இன்னும் பல மடங்கு நிலம் உழ வேண்டும். அந்த நிலம் வேறெங்கோ ஒரு காட்டிலிருந்துதான் வரும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னை விவசாயிகள் ரேஷனில் தேங்காய் எண்ணெய் கொடுங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுவருகிறார்கள். அது நியாயமான கோரிக்கை, ஒரு பங்காவது கொடுக்கலாம். ஆனால் மாநிலத்தில் குடும்ப அட்டைகள் 2 கோடிக்கு மேல். பாமாயில் இன்னும் பல வருடம் வந்துகொண்டுதான் இருக்கும். வரட்டும், சுத்தமான கையோடு வரட்டும்.

எண்ணெய்க்கு ஊர் பேர் கண்டுபிடிக்க முடியுமா என்று அதிகாரிகள் கேட்கலாம். முடியும். செம்பனைக் குலையை வெட்டினால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெய் கெடும். ஆகவே எந்த ஆலை என்று தெரிந்தால் போதும், பழம் அதைச் சுற்றியிருக்கும் தோட்டங்களிலிருந்துதான் வந்திருக்கும். அந்த வட்டாரத்தில் காடு அழிந்ததா என்பதைச் செயற்கைக்கோள் படம் காட்டிவிடும். ஆலையைத் தாண்டி டேங்கரிலும் சுத்திகரிப்புத் தொட்டியிலும் கலந்த பிறகுதான் அடையாளம் தொலைகிறது. அதனால் ஆலைப் பட்டியலை விற்பவரிடமே கேட்டு வாங்க வேண்டும். பெரிய வியாபாரிகள் பலர் இதை ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். ஐரோப்பாவுக்கு விற்பவர்களிடம் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ம் வருடக் காடழிப்புத் தடுப்புச் சட்டம் கேட்பது இதையும் தாண்டி, தோட்டம் இருக்கும் இடத்தையே. ஐரோப்பாவுக்குக் காட்டத் தயாராகிறவர்கள் நமக்கும் காட்டலாமே?

வாங்குகிறவர் கேட்டால் காடு பிழைக்கும் என்பதற்கு அத்தாட்சியும் உண்டு. 2013 டிசம்பரில் உலகின் மிகப் பெரிய பாமாயில் வியாபார நிறுவனம், காட்டையும் கரிச்சதுப்பையும் அழித்த எண்ணெயை வாங்க மாட்டோம் என்று அறிவித்தது. மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். ஆதிக் காட்டையும் கரிச்சதுப்பையும் வெட்டப் புதிதாக அனுமதி கொடுப்பதை 2011-ல் தற்காலிகமாக நிறுத்திவைத்த இந்தோனேசிய அரசு, 2019-ல் அதை நிரந்தரமாக்கியது. செம்பனைக்காகக் காடு அழிவது அந்தப் பத்தாண்டில் நன்றாகவே குறைந்தது. ஆனால் இப்படிக் கேட்காத சந்தை ஒன்று இருந்தால் மிச்ச எண்ணெயெல்லாம் அங்கே போய்ச் சேரும். அந்தச் சந்தையாக நாம் இருக்கக் கூடாது.

எனவே அடுத்த டெண்டரில் மூன்று வரி சேருங்கள். எண்ணெய் பிழிந்த ஆலைகளின் பட்டியலை விற்பவர் தர வேண்டும். காட்டையோ கரிச்சதுப்பையோ அழித்துப் போட்ட தோட்டத்துப் பழம் அதில் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பொய்யென்று தெரிந்தால் வைப்புத்தொகை பறிபோக வேண்டும். அந்தப் பட்டியலை நாங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். முதல் வருடம் கால் பங்கு எண்ணெய்க்கு மட்டும் வைத்தாலும் சரி. லிட்டருக்குச் சில காசு கூடினால் அந்தக் கணக்கையும் வெளியிடுங்கள், அதைப் பற்றிப் பேசலாம்.

வரும் மார்கழியில் பாக்கெட் இளகக் காத்திருக்கும்போது உறையில் ஒரு ஆலையின் பெயரைப் படிக்க வேண்டும் என்று ஆசை.

இப்படிக்கு,
பெரம்பூரிலிருந்து ஒரு அட்டைதாரர்