ஏழடிக் கம்பு போதும், தம்பி

சுங்கை சிப்புட், பேராக்
ஞாயிறு மதியம்

அன்புள்ள தம்பிக்கு அண்ணன் எழுதுவது. இங்கு நலம். அங்கே நீயும் அம்மாவும் சின்னவளும் நலமாக இருக்க மாரியம்மாள் துணை.

உன் கடிதம் கிடைத்தது. போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பதால் கேட்க முடியாததை எல்லாம் காகிதத்தில் எழுதிவிட்டாய். கேட்டது இரண்டு விஷயம். ஒன்று, ஆள்களைக் கூட்டிப்போய் ஓடையில் ட்ரவுட் மீன் பிடிக்க ஒரு ஃப்ளைத் தூண்டில் கம்பு. மற்றதைக் கடைசியில் சொல்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது எங்கே நிறுத்த வேண்டும் என்று நானே எழுதிவிடுகிறேன்.

முதலில் அம்மாவுக்கு. அம்மா, சாப்பாட்டுக்குக் குறையில்லை. கடையிலேயே மூன்று வேளையும் ஆகிவிடுகிறது. காலையில் ரொட்டி சானாய். மாவு உருண்டையை எண்ணெயில் ஊறவைத்து, காற்றில் வீசி விரித்து, மடித்துக் கல்லில் போடுவார்கள். இப்போது அந்த வேலை என்னுடையதுதான், கை பழகிவிட்டது. மத்தியானம் வாழையிலைச் சோறு. சம்பலில் பெலாச்சான் என்று காய்ந்த இறால் விழுதைச் சேர்த்து இடிக்கிறார்கள். வந்த புதிதில் அந்த வாடைக்கே எழுந்து போய்விடுவேன், இப்போது அது இல்லாமல் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் நீங்கள் அம்மியில் அரைக்கும் கட்டச் சம்பலும் சூடான தேங்காய் ரொட்டியும் இங்கே யார் கைக்கும் வரவில்லை. அறையில் நாலு பேர் இருக்கிறோம், பேச்சுத் துணைக்குக் கவலையில்லை. குளிர் என்பதே கிடையாது. தினமும் சாயங்காலம் வானம் இருண்டு கொட்டும், அரை மணியில் மறுபடி புழுக்கம். நீங்கள் பின்னிய ஸ்வெட்டரை அந்துருண்டை போட்டுப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இந்த ஊர் உங்களுக்கும் பிடிக்கும். முன்பு சுற்றிலும் கித்தாத் தோட்டமாம், ரப்பரை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். இப்போது முக்கால்வாசி செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை. தொழிலாளிகள் குடியிருந்த லயங்கள் சில இடத்தில் இன்னும் நிற்கின்றன, நம் அப்பாயி சொன்ன அதே நீளக் கட்டடம், அதே முன்வாசல். தமிழ்ப் பள்ளிக்கூடம், கோயில், தீமிதி எல்லாம் உண்டு. மந்திரியாக இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இதுதான். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், தொழிலாளிகளையே பங்குதாரராக்கித் தோட்டம் வாங்க அவர் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார் என்று இங்கே பெரியவர்கள் இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். தாத்தா தலைமன்னாரில் கப்பல் ஏறி, நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வந்து விழுந்த கதையை நான் சொன்னேன். ஒருவர் கண் கலங்கிவிட்டார். அவரைப் பற்றித்தான் அடுத்து.

தம்பி, நாங்கள் தங்கியிருக்கும் கடைவீட்டுக்குப் பின் சந்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். கித்தாத் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே பெரிய கிராணி என்றுதான் கூப்பிடுகிறது. மனைவி தவறிவிட்டார், பிள்ளைகள் கோலாலம்பூரில். தினமும் ஐந்து மணிக்குக் காக்கிக் கால்சட்டையோடு பள்ளித் திடலுக்குப் போய், புல்லின் மேல் தூண்டில் வீசிக்கொண்டிருப்பார். முள் இருக்காது. நரம்பின் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் முடிச்சு மட்டும். ஒரு தேங்காய் ஓட்டைக் கவிழ்த்து வைத்து, நூல் அதன் மேல் இறங்கும்வரை வீசுவார். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பார்க்கும். வீட்டுக்கு வந்ததும் லைனை, அதாவது நரம்புக்குப் பின்னால் வரும் கனமான நூலை, சோப்புத் தண்ணீரில் கழுவித் துணியால் துடைப்பார். ஆற்றில் பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிடுவார், கையை நனைக்காமல் மீனைத் தொடமாட்டார். உன் கடிதத்தை அவரிடம்தான் கொண்டுபோனேன். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு முழுதும் படித்தார்.

நீ கேட்டது ஒன்பதடி, 5ஆம் நம்பர் ராடு. உன் ஜீப்பில் வந்த சென்னைக்காரர் வைத்திருந்ததும் அதுதான் என்று எழுதியிருந்தாய். ஈப்போவில் தூண்டில் கடை முதலாளி, இங்கே தௌக்கே என்பார்கள், அவரும் அதையே எடுத்து நீட்டினார். "செமுவா போலே" என்றார், எல்லாவற்றுக்கும் ஆகும் என்று. அவர் சொன்னது பொய்யில்லை. எமரால்டு அணை மாதிரித் திறந்த தண்ணீரில், எதிர்க்காற்றில், தூரமாக வீச வேண்டுமானால் அதுதான் சரி. ஆனால் நீ நிற்கப் போவது அணைக்கரையில் இல்லை. இரண்டு எட்டில் தாண்டக்கூடிய ஓடை. தலைக்கு மேல் சோலை, பின்னால் சீகை மரம். ஒன்பதடிக் கம்பைப் பின்னால் ஓங்கினால் கிளையில்தான் மாட்டும். அங்கே ஏழடி போதும். மிஞ்சினால் ஏழரை.

நீளத்தை விடப் பெரிய விஷயம் நம்பர். இதைக் கிராணி ஐயா சொல்லித்தான் எனக்கு விளங்கியது. நாம் குளத்தில் போடும் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துப் போகும். ஃப்ளையில் குண்டே இல்லை. நுனியில் இருப்பது இறகும் நூலும் கட்டிய ஒரு பூச்சி, அதற்குக் கனமே கிடையாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லைனின் கனம். கம்பை வளைப்பதும் அந்தக் கனம்தான். கம்பின் மேல் எழுதியிருக்கும் நம்பர் எந்த லைனுக்கு அது வளையும் என்பதைச் சொல்கிறது. 5ஆம் நம்பர் லைனின் முதல் 30 அடியின் எடை 140 கிரெய்ன், அதாவது 9 கிராமுக்குச் சற்று மேல். 3ஆம் நம்பருக்கு 100 கிரெய்ன், ஆறரை கிராம். கணக்கு இரண்டிலும் 30 அடிக்கு. ஓடையில் நீ 30 அடியா விடப் போகிறாய்? பத்து, பதினைந்து அடிதான் வெளியே இருக்கும். பாதிக் கனம்கூட வராது. விறைப்பான 5ஆம் நம்பர் கம்பு அதற்கு அசையாது. நீதான் கையால் இழுத்து வீச வேண்டும், பூச்சி தண்ணீரில் பொத்தென்று விழும், மீன் கல்லுக்கடியில் போய்விடும்.

அதனால் 3ஆம் நம்பர். அதிலும் மெதுவாக வளையும் கம்பு, கைப்பிடி வரைக்கும் ஈரப் பிரம்பு மாதிரி வளைய வேண்டும். கடையில் ஒரு பக்கம் கார்பன், ஒரு பக்கம் கண்ணாடி நார், ஃபைபர் கிளாஸ் என்பார்களே அது. கார்பன் 1970களில் வந்தது, எடை குறைவு, விறைப்பு அதிகம், தூரம் போகும். கண்ணாடி நார் அதற்கு முந்தியது, கொஞ்சம் கனம், ஆனால் குறைந்த லைனுக்கும் வளைந்து கொடுக்கும், கல்லில் பட்டாலும் சட்டென்று உடையாது. தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது கிராணி ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போன கம்பு கண்ணாடி நார்தான். இன்னும் வார்னிஷ் பளபளக்கிறது. பெரிய ஆற்றில் சிபாராவ் மீன் பிடிக்கக் கார்பன் 5ஆம் நம்பரை எடுத்துப் போவார், காட்டோடையில் தெங்காஸ் மீன் பிடிக்க அந்தப் பழைய கம்பு. இரண்டையும் திடலில் மாற்றி மாற்றி என் கையில் கொடுத்தார். குறுகிய லைனில் எது தானாக வீசுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

உனக்கு வாங்கியிருப்பது ஏழடி, 3ஆம் நம்பர், கண்ணாடி நார், நாலு துண்டு. குழாய் இரண்டு அடிக்குள்தான், பெட்டியில் படுக்கும். விலையைப் பற்றி யோசிக்காதே. போன வருஷத்திலிருந்து மாடலாக மாட்டி வைத்திருந்ததால் தௌக்கே குறைத்துக் கொடுத்தார், கிராணி ஐயா முகத்துக்காக இன்னும் கொஞ்சம். வாங்குவதற்கு முன் ஐயா ஒவ்வொரு மூட்டையும் செருகிப் பார்த்தார். அசையக் கூடாது, முழுதும் உள்ளே போய் முட்டவும் கூடாது, கொஞ்சம் இடம் விட்டு நிற்க வேண்டுமாம். வளையங்களுக்குள் பஞ்சை ஓட்டிப் பார்த்தார், பிசிறு மாட்டினால் லைனை அறுத்துவிடும். ரீலுக்குப் பெரிய செலவு வேண்டாம் என்று விட்டார். சின்ன மீனுக்கு அது லைனைச் சுற்றி வைக்கும் பெட்டிதான், கடகடவென்று சத்தம் போடும் சாதாரண ரீல் போதும், கனமான ரீலைப் போட்டால் கம்பு கைப்பக்கம் சாயும். லைன் மட்டும் ஒரு நம்பர் கூட்டி 4 வாங்கச் சொன்னார். மிகக் கிட்டத்தில் வீசும்போது அந்தக் கூடுதல் கனம் கம்பை எழுப்பும். நுனி நரம்பு 5எக்ஸ், 0.15 மில்லிமீட்டர். அவ்வளவு மெல்லிய நரம்பு அறாமல் இருப்பதற்கும் இந்தக் கம்பின் வளைவுதான் காரணம். மீன் உதறும்போது கம்பு வாங்கிக்கொள்ளும்.

முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிடு. ட்ரவுட் நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நிற்கும், அதனால் கீழிருந்து மேலே போ, குனிந்து போ. ஈரத்தோடு கம்பைக் குழாயில் போட்டு மூடாதே, கைப்பிடிக் கார்க் பூத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன்துறையிலும் காட்டு இலாகாவிலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் தண்ணீரில் லைன் போடாதே. 1907இல் அவலாஞ்சியில் குஞ்சுப் பண்ணை வைத்து வளர்த்துவிட்ட மீன் அது, வெயில் ஏறிச் சூடான தண்ணீரில் நிற்காது, அந்த மேட்டு ஓடைகளை விட்டால் அதற்கு வேறு இடம் இல்லை. ஆள் கூட்டி வந்து சம்பாதிக்கப் போகிறவன் நீ, மீனை விட்டுவிடப் பழகு.

இத்தோடு அம்மாவுக்கு வாசிப்பதை நிறுத்திக்கொள்.

போன மாதம் ஐயா என்னை இங்கே பக்கத்தில் லாசா என்ற ஊர் தாண்டி ஓர் ஓடைக்குக் கூட்டிப்போனார். காட்டுக்குள் நுழைந்ததும் புழுக்கம் குறைந்தது. செருப்பைக் கழற்றிக் காலை வைத்தேன். நம் ஓடை அளவு சில்லிப்பு இல்லை, ஆனாலும் சில்லிப்புதான். கூழாங்கல், பாசி வாடை, தண்ணீர் கல்லைச் சுற்றிப் போகும் சத்தம். அப்பா நம் இரண்டு பேரையும் தோளிலும் கையிலுமாக அவலாஞ்சி ஓடையைத் தாண்டவைத்தது ஞாபகம் வந்துவிட்டது. நுவரெலியாவிலும் வெள்ளைக்காரன் விட்ட இதே மீன் உண்டு என்று சொல்லிக்கொண்டே தாண்டுவாரே. எனக்கு வாய் பேச வரவில்லை. ஐயா ஒன்றும் கேட்கவில்லை, மேல் மடுவுக்குத் தனியாகப் போய்விட்டார். பனி விழுந்த காலையில் அம்மா அடுப்பு மூட்டுவதும், புகை ஓட்டு இடுக்கில் வெளியேறுவதும், நீ போர்வைக்குள் என் காலில் உன் குளிர்ந்த காலை வைப்பதும்... தம்பி, எனக்கு அந்தக் குளிர் வேண்டும். ராத்திரி மின்விசிறிக்குக் கீழே படுத்தால் வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

இப்போது நீ கேட்ட இரண்டாவது விஷயம். நீ இங்கே வர வேண்டாம். ஏஜெண்டிடம் முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பிக் கேள். எனக்கு இங்கே குறை ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் பத்திரமாக இருக்கிறது. பெர்மிட் புதுப்பிக்கும் நேரம் என்பதால் சம்பளம் இரண்டு மாதம் சேர்த்து வரும், அவ்வளவுதான். ஆனால் அம்மா பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். ஜீப் ஓட்டத் தெரிந்த, ஓடை தெரிந்த, இங்கிலீஷ் நாலு வார்த்தை பேசத் தெரிந்த உனக்கு அங்கேயே வழி இருக்கிறது. கம்பு அதற்காகத்தான்.

வீட்டு விஷயம். கூரைத் தகரத்தை மழைக்கு முன்பே மாற்றியாக வேண்டும். கட்டை மாமாவிடம் கேட்டால் கடனாகத் தருவார், தை மாதம் நான் அடைத்துவிடுவேன் என்று சொல். அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே, ஊட்டி பெரியாஸ்பத்திரியில் சின்னவளை உடன் இருக்கச் சொல். சின்னவளுக்கு வந்த வரன், கோத்தகிரிப் பையன், குடிப்பழக்கம் உண்டா என்று பெரியத்தை வழியாக விசாரி. நேரே போய்க் கேட்காதே, அவர்கள் மனம் கோணும். வீட்டுப் பட்டாவில் இன்னும் அப்பா பெயர்தான் இருக்கிறது, வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்து. ஐப்பசியில் அப்பா திதி வருகிறது, நீயே உட்கார்ந்து கொடு.

கம்பை மேல்லயத்துச் சித்தியின் மருமகன் எடுத்து வருகிறார். திருச்சியில் இறங்கி, தீபாவளிக்கு முந்தின வாரம் குன்னூர் வருவார். நீயே போய் வாங்கிக்கொள், பஸ்ஸில் யாரிடமும் கொடுத்தனுப்பச் சொல்லாதே. அதே பையில் அம்மாவுக்கு மைலோ டின்னும் சின்னவளுக்குத் துணியும் இருக்கும்.

அன்பு அண்ணன்.

பி.கு. ரீல் திருகு மட்டும் லேசாக இருக்கிறது, முதல் நாளே இறுக்கிவிடு. அதிகம் இறுக்காதே, பித்தளை.