பழைய பிரிண்டரை எடைக்குப் போட்டுவிடாதே

கும்பகோணம்,
9.11.2025

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன். தாயும் சேயும் நலம் என்று எழுதியிருந்தாய், அது போதும். பெயர் சூட்டும் நாளைக் குறித்ததும் தெரியப்படுத்து, நாங்கள் இருவரும் திருச்சிக்கு வந்துவிடுகிறோம். இங்கே ஒன்றும் குறைவில்லை. மூட்டுவலி மழைக்காலத்தில் கொஞ்சம் படுத்துகிறது, அவ்வளவுதான். பையன் கோவையிலேயே வேலையில் நிலைத்துவிட்டான்.

கடிதத்தின் பின்பகுதிதான் என்னை உடனே பேனா எடுக்க வைத்தது. அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதால் புது லேப்டாப் வாங்கியிருக்கிறாய். அதில் விண்டோஸ் 11. நேற்றுவரை குறையில்லாமல் ஓடிய லேசர் பிரிண்டரை அது கண்டுகொள்ளவில்லை. கடையில் கேட்டதற்கு, பழைய மாடல், இனி வேலை செய்யாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நீயும் எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறாய்.

போடாதே. தாளை இழுக்கிறது, சூடாகிறது, டோனரைச் சீராகப் படியவைக்கிறது. இவ்வளவும் சரியாக இருக்கும் இயந்திரத்தை, டிரைவர் என்ற ஒரு மென்பொருள் சரியான இடத்தில் உட்காரவில்லை என்பதற்காகக் குப்பை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாடு முழுவதும் இப்படி எத்தனை நல்ல கருவிகள் வீணாகின்றனவோ என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

டிரைவர் என்பது கணினிக்கும் கருவிக்கும் நடுவே நிற்கும் துபாஷி. கருவி துபாஷியை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறது என்பது மாடலுக்கு மாடல் மாறும். அலுவலகங்களில் இருக்கும் பெரிய பிரிண்டர்கள் பலவும் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிசிஎல் போன்ற பொது மொழிகளைத் தாங்களே புரிந்துகொள்ளும். அவற்றுக்குரிய டிரைவர் கிடைக்காவிட்டாலும் பொதுவான ஒன்றை வைத்துச் சமாளித்துவிடலாம். விலை குறைந்த வீட்டுப் பிரிண்டர்களில் அந்த வசதி இல்லை. பக்கத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்து கொடுக்கும் வேலை முழுவதையும் கணினிதான் செய்ய வேண்டும். ஹெச்பி லேசர்ஜெட் 1020 நினைவிருக்கிறதா? ஜெராக்ஸ் கடைகளில் பார்த்திருப்பாய். அது இன்னும் ஒரு படி மேலே போய், தன்னை இயக்கும் ஃபர்ம்வேரைக்கூடத் தனக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்சைப் போடும்போதும் கணினியில் இருக்கும் டிரைவர் அதை யுஎஸ்பி வழியாக அனுப்பிவைக்க வேண்டும். அது வந்து சேர்ந்த பிறகுதான் அச்சடிக்கத் தயாராகும். இந்த வகைப் பிரிண்டர்தான் உன்னிடம் இருப்பதும். அதனால் டிரைவர் சரியாக உட்காராத வரை அதில் உயிரே இல்லாததுபோலத் தோன்றும். இனி வேலை செய்யாது என்று கடைக்காரர்கள் முடிவுகட்டியதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் லேப்டாப் எந்த வகை என்று பார். செட்டிங்ஸில் சிஸ்டம், அதன் கீழே அபவுட். அங்கே ‘சிஸ்டம் டைப்’ என்ற வரியில் எக்ஸ்64 என்று இருந்தால் கவலையில்லை, விண்டோஸ் 10க்காக வந்த 64 பிட் டிரைவர் பெரும்பாலும் விண்டோஸ் 11இலும் ஓடும். 32 பிட் டிரைவர் எக்காரணம் கொண்டும் ஓடாது, விண்டோஸ் 11இல் அந்தப் பதிப்பே கிடையாது. அந்த வரியில் ‘ஏஆர்எம்’ என்று இருந்தால் கதை வேறு. ஸ்னாப்டிராகன் சிப் போட்ட புதிய லேப்டாப்கள் இந்த வகை. பேட்டரி நீண்ட நேரம் நிற்கிறது என்று வாங்குகிறார்கள், ஆனால் எக்ஸ்64 கணினிக்காக எழுதிய டிரைவர் அதில் ஏறாது. வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

அடுத்து, பழைய முயற்சிகளின் மிச்சத்தைத் துடைத்தெடு. நீ கேபிளைச் சொருகிவிட்டுப் பிறகு மென்பொருளைத் தேடியதாக எழுதியிருக்கிறாய். அந்தக் காலத்துப் பிரிண்டர்கள் பலவற்றுக்கு முதலில் மென்பொருள், அது கேட்கும்போதுதான் கேபிள். வரிசை மாறினால் விண்டோஸ் கருவியைத் தவறான பெயரில் பதிந்துகொண்டு அதையே பிடித்துக்கொள்ளும். கணினியின் கருவிகளையெல்லாம் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திற. மேலே வியூ மெனுவில் மறைந்திருக்கும் கருவிகளைக் காட்டச் சொல். மங்கலான எழுத்தில் பழைய பதிவுகள் தெரியும். பிரிண்டருக்கு உரியதை நீக்கு, நீக்கும்போது டிரைவரையும் சேர்த்து அகற்றவா என்று கேட்கும் பெட்டியில் டிக் செய். கேபிளைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை மறுபடி தொடங்கி, தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்த டிரைவரை நிறுவு.

எல்லாம் முடிந்தும் ‘ஆஃப்லைன்’ என்று அடம்பிடித்தால் பயப்படாதே. பிரிண்டர் ப்ராபர்ட்டீஸில் போர்ட்ஸ் என்ற பகுதிக்குப் போ. கேபிளை வேறு துளையில் மாற்றிச் சொருகும்போது சில நேரம் யுஎஸ்பி001 இருந்த இடத்தில் யுஎஸ்பி002 என்று புதிதாக ஒரு போர்ட் முளைத்துவிடும். பிரிண்டர் இரண்டாவதில் இருக்கும், விண்டோஸோ முதலாவதற்கே அனுப்பிக்கொண்டிருக்கும். டிக்கை மாற்றிவிட்டால் வரிசையில் காத்திருந்த பக்கங்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும்.

இவை எதற்கும் மசியாவிட்டால், டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு நிற்கும் வரியைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணைப் பார். 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. 10 என்றால் கருவியைத் தொடங்க முடியவில்லை. 43 என்றால் கருவியே கோளாறு என்று சொல்லிவிட்டது, முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை. அதைவிட முக்கியமானது ‘டீடெயில்ஸ்’ பகுதியில் இருக்கும் ஹார்ட்வேர் ஐடி. அதில் விஐடி என்பது கருவியையோ உள்ளே இருக்கும் சிப்பையோ செய்தவரின் எண், பிஐடி என்பது அந்தக் கருவியின் அல்லது சிப்பின் எண். பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் எதுவாக இருந்தாலும் இந்த எண்தான் கருவியின் உண்மையான அடையாளம். கணினிக்குள்ளேயே பொருத்தும் பிசிஐ வகைக் கருவிகளுக்கும் இப்படி எண் உண்டு; அதில் இன்டெல்லின் எண் 8086, 1978இல் வெளிவந்த அவர்களுடைய பிராசஸரின் எண்ணேதான். 0403, 6001 என்று பார்த்தால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் யுஎஸ்பி சீரியல் சிப். பெயரே தெரியாத ஒரு கருவிக்கு டிரைவர் தேட இதைவிட நேரான வழி இல்லை.

தங்கை மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான் அல்லவா, போன மாதம் ஆர்டுயினோ நானோ என்ற சிறு மின்னணுப் போர்டு ஒன்றைக் கொண்டுவந்து, கணினிக்குத் தெரியவில்லை மாமா என்று நின்றான். பெட்டியில் ஒரு பெயர், உள்ளே மலிவு விலைப் போர்டுகளில் வரும் சிஎச்340 சிப். பெட்டியின் பெயரை வைத்து அவன் இறக்கிய டிரைவர் எப்படிப் பொருந்தும்? அதைச் சரிசெய்த பிறகும் ஒன்றும் நடக்கவில்லை. கேபிளை மாற்றினேன், உடனே போர்டு கணினியில் காம் போர்ட்டாகத் தெரிந்தது. அவன் பயன்படுத்தியது சார்ஜ் ஏற்ற மட்டுமே ஆன கேபிள், தகவல் போவதற்கான இரண்டு கம்பிகள் அதில் இல்லை. போர்டில் விளக்கு எரிந்ததால் கேபிள் சரி என்று நினைத்திருக்கிறான். விளக்கு எரிவது மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே சான்று.

உன் கைரேகைக் கருவிக்கும் இதே விஷயம்தான். சிவப்பு வெளிச்சம் வருகிறது, ஆனால் ஓய்வூதியத்துக்கான ஆயுள் சான்றிதழைப் பதியும் ஜீவன் பிரமாண் செயலி, கருவி தயாராக இல்லை என்கிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கருவிக்கு டிரைவர் மட்டும் போதாது. ஆதார் ஆணையம் விதித்தபடி ஆர்டி சர்வீஸ் என்ற தனி மென்பொருளும் பின்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அது உன் கணினிக்குள்ளேயே 11100 முதல் 11120 வரையிலான போர்ட்களில் (இவை கேபிள் சொருகும் துளைகள் அல்ல, மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் வாசல்கள்) ஒன்றில் காத்திருக்கும், செயலி அங்கே போய்த்தான் கேட்கும். புது லேப்டாப்பில் டிரைவரை மட்டும் நிறுவியிருந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ஆர்டி சர்வீஸையும் நிறுவி, ஆன்டிவைரஸ் அதைத் தடுக்கிறதா என்றும் பார்.

ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம். பொன்மலை ரயில்வே பணிமனையில் இத்தனை காலம் இரும்போடு புழங்கிய விரல்கள் உன்னுடையவை. ரேகையே தேய்ந்திருந்தால் எந்த டிரைவரும் உதவாது. 2021 முதல் முகத்தைக் காட்டியே ஆயுள் சான்றிதழ் பதிய வசதி இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஆதார் முக அடையாளச் செயலியும் ஜீவன் பிரமாண் செயலியும் இருந்தால் போதும். கருவியோடு போராடிக்கொண்டு நாளைக் கடத்தாமல் இந்த மாதத்துக்குள் அந்த வழியில் முடித்துவிடு. ஓய்வூதியம் நின்றால் பிறகு அலைச்சல்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொல்வதை அப்படியே கேள். டிரைவர் வேண்டும் என்று கூகுளில் தேடும்போது, எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்போம் என்று வரும் மென்பொருள்களைத் தொடாதே. டிரைவர்களில் பல இயங்குதளத்தின் கருவறை வரை போகும் அதிகாரம் பெற்றவை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் பிழையான ஒரு கோப்பைப் படித்ததற்கே உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்த நிறுவனத்தின் டிரைவருக்கே இந்தக் கதி என்றால், ஊர் பேர் தெரியாததை எப்படி உள்ளே விடுவது? விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷன் பகுதியில் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு பழைய டிரைவரைத் தடுக்கிறது, அதை அணைத்துவிடு என்று யாராவது சொன்னாலும் அணைக்காதே.

உதவி எண் என்று தேடலில் கிடைப்பதையும் அழைக்காதே. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அப்படி அழைத்தார். எதிர்முனையில் பேசியவன் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி, திரையில் எதையெதையோ காட்டி மிரட்டிப் பணம் கேட்டிருக்கிறான். நல்லவேளை, வங்கி விவரத்தைக் கொடுக்கும் முன் அவருடைய மகள் வந்துவிட்டாள். பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிக்கான உதவி எண் 1930க்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும் வீட்டில் சொல்லிவை.

மாப்பிள்ளை அனுப்பிய ஸ்மார்ட் பல்பு பற்றிச் சுருக்கமாக: அதற்கு டிரைவர் எதுவும் இல்லை. அந்த வகைப் பல்புகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே பேசும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு இணைத்துப் பார், போனில் இருப்பிட அனுமதியையும் கொடு.

உன் பழைய ஸ்கேனருக்கு வருகிறேன். அதைச் செய்தவர்கள் விண்டோஸ் 7க்குப் பிறகு டிரைவர் எழுதவே இல்லை. ஆனாலும் வழி இருக்கிறது. பென்டிரைவில் லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டுவைப் போட்டு, லேப்டாப்பில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். லினக்ஸ் உலகத்தில் சேன் என்ற திட்டம் பழைய ஸ்கேனர்கள் ஏராளமானவற்றுக்கு இன்றும் டிரைவர் வைத்திருக்கிறது. இங்கே நூலகத்தில் மூலையில் கிடந்த ஒன்றை அப்படித்தான் எழுப்பினேன். இப்போது கோவில்கள் வெளியிட்ட பழைய மலர்ப் புத்தகங்களை அதில் ஸ்கேன் செய்கிறார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற நிரலாளர் அமெரிக்காவின் எம்ஐடியில் இருந்தபோது, 1980 வாக்கில், ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒன்றின் மென்பொருளைத் திருத்த மூல நிரலைக் கேட்டும் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1983இல் அவர் யாரும் திருத்திக்கொள்ளக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அறிவித்ததற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம். நிரல் திறந்து கிடந்தால், செய்தவன் கைவிட்ட கருவியையும் வேறு யாராவது எடுத்து வளர்ப்பார்கள். இதை நான் முழுமனதோடு நம்புகிறேன்.

புது லேப்டாப்பில் எப்போதாவது வைஃபையே காணாமல் போனால் பதறாதே. போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கைப் போடு. ஆண்ட்ராய்டு போனுக்கு வேண்டிய டிரைவர் விண்டோஸிலேயே இருக்கிறது, அந்த இணையத்தை வைத்து வைஃபை டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

சிஸ்டம் டைப் வரியையும் பிரிண்டரின் ஹார்ட்வேர் ஐடியையும் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எந்தக் கோப்பை இறக்குவது என்று பார்த்துச் சொல்கிறேன். ஸ்கேனருக்கு உபுண்டு பென்டிரைவை வரும்போது எடுத்து வருகிறேன். தங்கச்சியிடமும் பிள்ளைகளிடமும் எங்கள் அன்பைச் சொல். பேத்திக்கு எங்கள் ஆசிகள்.

உன் அன்பு நண்பன்