பாலையூற்றிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று அம்மா சிரிக்கிறாள். அதில் நீ 'ம்' என்று மட்டும் போடுகிறாய். நான் மாதா படம் அனுப்புகிறேன்.

காசு கிடைத்தது. 'கோயிலுக்கில்லை, சனத்துக்கு' என்று எழுதியிருந்தாய். சரி, அப்படியே செய்தோம். மாரி தொடங்கிவிட்டது, திருக்கடலூர்ப் பக்கம் வள்ளங்கள் கரையேறிக் கிடக்கின்றன. வின்சென்ட் டி போல் சபையில் இப்போது ஆறு பேர்தான், எல்லாருக்கும் முழங்கால் நோ. இரண்டிரண்டு பேராகப் போய் அரிசி, பருப்பு, சீனி, பால்மா கொடுத்தோம். கூட்டத்தில் உன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேலை என்கிறாய். எல்லா ஞாயிறுமா, பிள்ளை?

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

நேரம் கிடைத்தால் பாரிசில் வொஜிரார் வீதிக்குப் போய்ப் பார். அங்கே சூசையப்பர் கோயிலின் நிலவறையில்தான் பிரெடரிக் ஓசானாமை அடக்கம் செய்திருக்கிறது. 1833இல் சபையைத் தொடங்கும்போது அவருக்கு வயது 20, சொர்போன் மாணவன். 'உங்கள் திருச்சபை முன்பு நல்லது செய்தது, இப்போது என்ன செய்கிறது?' என்று முகத்துக்கு நேரே கேட்டார்களாம். அவர் தன்னிடம் இருந்த விறகைத் தூக்கிக்கொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனார். எந்த வீடு, எப்படிப் பேசுவது என்று பழக்கிவிட்டது ரோசலி என்ற கன்னியாஸ்திரி. இந்தக் கதையை உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்!

2021 ஒக்ரோபரில் அந்த அறிக்கைச் செய்தியை அனுப்பினாய். 1950 தொடக்கம், பிரான்சில் மட்டும், குருக்களாலும் துறவிகளாலும் கெடுக்கப்பட்ட பிள்ளைகள் 2 இலட்சத்து 16 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டிருந்தார்கள். நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. நான் திருப்பி அனுப்பியது என்ன? நாங்கள் பொதி கட்டுகிற படம். எனக்கு எல்லாவற்றுக்கும் விறகுதான் பதில்.

கிணற்றடி வீட்டு அக்கா வந்த இரவு உனக்கு நினைவிருக்கும். மேசையில் சபைக் கணக்குக் கொப்பி விரித்தபடி இருந்தது. பொடியனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். நான் முடிக்க விடவில்லை. "பெரிய இடத்துக் கதை, கோயிலின் பெயர் கெடும், அவனை மறக்கச் சொல்லு" என்றேன். அடுத்த கிழமை ஐந்து கிலோ அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் வாங்கினாள்.

நீ கதவுக்குப் பின்னால் நின்றாய், பதின்மூன்று வயது. இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. ஏசியிருக்கலாம், பிள்ளை.

பூசைக்குப் போ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிய அவள் வீட்டுக்குப் போனேன், வெறுங்கையோடு. கதிரை போட்டாள். நான் சொல்லி முடிக்கும்வரை முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கில்லை, அவனுக்குச் சொல்லுங்கோ" என்று நம்பரை எழுதித் தந்தாள். பொடியன் கட்டாரில்.

துண்டு சட்டைப்பையில் இருக்கிறது. இன்றைக்கு நாலாம் நாள். அங்கே இரவு எத்தனை மணிக்கு வேலை முடியும் என்று உனக்குத் தெரியுமா?

அம்மா மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறாள். காதை மூடிக்கொண்டு போ.

அப்பா