சூயஸ் திறந்தே கிடந்தது: பாதுகாப்பு அவையின் ஐந்து நிரந்தர உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளின் சார்பில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமர்ந்திருக்கும் தூதர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா மலாயாவில், பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போடுவதற்காக 1943இல் ஜப்பானியர்கள் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தாத்தாவும் அவருடைய தம்பியும் அதில் இருந்தார்கள். தம்பி காட்டிலேயே காலராவில் இறந்துபோனார். தாத்தா காலில் ஆறாத புண்ணோடு, போர் முடிந்த பிறகு நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கினார். சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியா என்ற பெயரையோ, இன்று எத்தியோப்பியா எனப்படும் அபிசீனியா என்ற பெயரையோ அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவருடைய தம்பியின் சாவுக்கு வழி அந்த இரண்டு இடங்களில்தான் வெட்டப்பட்டது என்று நான் நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

1931 செப்டம்பர் 18 இரவு, மஞ்சூரியாவின் முக்டன் நகருக்கு அருகே ரயில் பாதையில் ஒரு வெடி வெடித்தது. சேதம் மிகச் சிறியது. சற்று நேரத்தில் அதே பாதையில் ஒரு ரயில் கடந்து போனது. வெடி வைத்தவர்கள் அங்கே நிறுத்தப்பட்டிருந்த ஜப்பானின் குவாண்டுங் படை அதிகாரிகள். பழியைச் சீனர்கள்மேல் போட்டு, சில மாதங்களில் மஞ்சூரியாவையே விழுங்கினார்கள். சீனா, ஐ.நா.வுக்கு முன்பிருந்த பன்னாட்டுச் சங்கத்திடம் (League of Nations) முறையிட்டது. சங்கம் லிட்டன் பிரபுவின் தலைமையில் ஒரு குழுவை அனுப்பியது. குழு பொறுமையாக விசாரித்து எழுதிய அறிக்கை வெளியாக ஓர் ஆண்டுக்குமேல் ஆகிவிட்டது. 1933 பிப்ரவரி 24 அன்று 42 நாடுகள் அதை ஏற்றன. எதிர்த்தது ஜப்பான் ஒன்றுதான். ஜப்பானின் பிரதிநிதி மட்சுவோக்கா எழுந்து வெளியே போனார். சங்கம் எந்தத் தடையும் விதிக்கவில்லை. பறித்த நிலம் பறித்தவனிடமே இருந்தது.

இந்தப் பாடத்தைக் கூர்ந்து படித்தவர்கள் ரோமிலும் பெர்லினிலும் இருந்தார்கள்.

1935 அக்டோபர் 3 அன்று முசோலினியின் படை அபிசீனியாவுக்குள் நுழைந்தது. நாலே நாளில் சங்கத்தின் ஆட்சிக்குழு இத்தாலிதான் குற்றவாளி என்று முடிவுகட்டியது. நவம்பர் 18 முதல் பொருளாதாரத் தடையும் வந்தது. ஆனால் தடைப்பட்டியலில் எண்ணெய் இல்லை. நிலக்கரி இல்லை. எஃகு இல்லை. ஒரு படையை இயங்க வைப்பது எதுவோ, அதைத் தவிர மற்றவற்றை நிறுத்தினார்கள். இத்தாலியின் போர்வீரர்களையும் குண்டுகளையும் சுமந்த கப்பல்கள் சூயஸ் கால்வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். கால்வாய் இருக்கும் எகிப்தில் பிரிட்டிஷ் படை இருந்தது. கால்வாயோ திறந்தே கிடந்தது. கப்பல்கள் சுங்கம் கட்டிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன.

காரணம் சொல்லாமல் இல்லை. 1888ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி போர்க்காலத்திலும் கால்வாயை மூடக் கூடாது என்றார்கள். சங்கத்தில் சேராத அமெரிக்கா எண்ணெய் விற்றுவிடும், நாம் மட்டும் நிறுத்தி என்ன ஆகும் என்றார்கள். முசோலினியை நெருக்கினால் ஹிட்லர் பக்கம் சாய்ந்துவிடுவார் என்றார்கள். இன்னொரு போர் வேண்டாம் என்றும் அஞ்சினார்கள். 1914க்கும் 1918க்கும் இடையே பிள்ளைகளைப் புதைத்த நாடுகளின் அச்சம் அது, அதை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் அந்த அச்சத்துக்கான விலையை அபிசீனியர்கள்மேல் சுமத்தியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நச்சு வாயுவைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்ற 1925ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாட்டில் கையெழுத்திட்டிருந்த இத்தாலி, விமானங்களிலிருந்து கடுகு வாயுவைப் பொழிந்தது. படைவீரர்கள், பெண்கள், குழந்தைகள், மாடுகள், ஆறுகள், மேய்ச்சல் நிலங்கள் எல்லாம் நனைந்தன. 1936 ஜூன் 30 அன்று அபிசீனியப் பேரரசர் ஹெய்லி செலாசி, சங்கம் கூடும் ஜெனீவாவுக்கு நேரில் வந்து இதைச் சொன்னார். அரங்கில் இருந்த இத்தாலியப் பத்திரிகையாளர்கள் சீழ்க்கையடித்தார்கள். அடுத்த மாதமே சங்கம் இத்தாலிமேல் இருந்த தடையையும் நீக்கிக்கொண்டது.

முசோலினி எப்படியும் ஹிட்லர் பக்கம் சாய்ந்தார். எண்ணெயையும் நிறுத்தியிருந்தால் ஒரே வாரத்தில் அபிசீனியாவை விட்டு வெளியேறியிருப்பேன் என்று அவர் பின்னாளில் ஹிட்லரிடம் சொன்னதாக, உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் எழுதி வைத்திருக்கிறார்.

பிறகு நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். எல்லாரும் அபிசீனியாவைப் பார்த்துக்கொண்டிருந்த 1936 மார்ச்சில் ஹிட்லரின் படை, ஜெர்மனி படை வைக்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்த ரைன்லாந்துக்குள் போனது. 1937இல் ஜப்பான் சீனாவுக்குள் இன்னும் ஆழமாக இறங்கியது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லர் கைக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவைத் துண்டுபோட நான்கு நாடுகள் கூடியபோது, செக்கோஸ்லோவாக்கியாவுக்கே அந்த மேசையில் இடமில்லை. தொலைதூர நாட்டில், நாம் ஒன்றும் அறியாத மக்களுக்கிடையே நடக்கும் சண்டை என்று பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் வானொலியில் சொல்லியிருந்தார். ஆறு மாதத்துக்குள் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராக் போனது; ஓராண்டுக்குள் போலந்து.

தொலைதூரம் என்பது எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று எங்கள் நாட்டுத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல் வைஸ்ராய் லின்லித்கோ இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். போர் முடிவதற்குள் 25 லட்சம் இந்தியர்கள் படையில் சேர்ந்திருந்தார்கள். அபிசீனியாவை ஒட்டி அப்போது இத்தாலியின் பிடியில் இருந்த எரித்திரியாவின் கேரன் மலைகளில், 1941 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், இத்தாலியப் படையை எதிர்த்து ஏறியவர்களில் இந்தியாவின் 4ஆவது, 5ஆவது டிவிஷன்கள் இருந்தன. 1935இல் ஒரு கால்வாயை மூடி முடித்திருக்கக்கூடிய வேலையை, ஆறாண்டுகள் கழித்து எங்கள் ஊர்ப் பிள்ளைகள் உயிரைக் கொடுத்து முடித்தார்கள்.

எண்ணெயை நிறுத்தினால் போர் பெரிதாகும், 1941இல் ஜப்பானுக்கு நிறுத்தியபோது அப்படித்தானே ஆயிற்று என்று உங்களில் யாராவது கேட்கலாம். உண்மைதான். அந்த ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெயை அடைத்தது. டிசம்பர் 8 அன்று ஜப்பானியர்கள் மலாயாவின் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். ஆனால் முக்டனுக்கும் அதற்கும் நடுவே பத்தாண்டுகள் ஓடிவிட்டன. கேட்டால் கொடுக்காவிட்டால் பறித்துக்கொள்ளும் வலு அதற்குள் ஜப்பானுக்கு வந்திருந்தது. முளையில் கிள்ளாததை மரமான பின் வெட்டப் போனார்கள். அந்த மரம் சாய்ந்த இடத்தில் என் தாத்தாவின் தோட்டம் இருந்தது.

அந்தச் சங்கம் செயலற்றுப்போன பிறகு உங்கள் அவை பிறந்தது. பழைய பிழை திரும்பக் கூடாது என்றுதான் 1945இல் உங்கள் ஐவரிடம் வீட்டோவை, அதாவது தனியொரு நாடாகவே ஒரு தீர்மானத்தைத் தடுக்கும் உரிமையைக் கொடுத்தார்கள். 2022 பிப்ரவரி 25 அன்று உக்ரைன் தொடர்பான தீர்மானத்தை, உக்ரைனுக்குள் படை அனுப்பிய ரஷ்யாவே வீட்டோவால் வீழ்த்தியது. 2023 டிசம்பர் 8 அன்று காசாவில் போர்நிறுத்தம் கோரிய தீர்மானத்துக்கு 13 நாடுகள் கை தூக்கியபோது, இஸ்ரேலுக்கு ஆயுதம் தரும் அமெரிக்கா அதைத் தடுத்தது. இரண்டு போர்களும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. வழக்கில் சம்பந்தப்பட்டவரே நீதிபதியின் நாற்காலியிலும் இருந்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

உங்கள் சாசனத்தின் 27ஆம் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. தகராறுகளை அமைதி வழியில் தீர்ப்பது பற்றிய முடிவுகளில், அந்தத் தகராறில் தொடர்புள்ள நாடு வாக்களிக்காமல் விலகி நிற்க வேண்டும் என்கிறது அது. தடை விதிப்பதற்கும் படை அனுப்புவதற்கும் அந்த வரி பொருந்தாது. அவற்றுக்கும் அதைப் பொருத்திக்கொள்ள உங்களை யாரும் தடுக்கவில்லை. சாசனத்தைத் திருத்தவும் தேவையில்லை, ஐவரும் ஒப்புக்கொண்டால் போதும். பெருங்கொடுமைகள் நடக்கும்போது வீட்டோவைத் தாமாகவே கைவிட வேண்டும் என்று பிரான்ஸ் 2015இல் மெக்சிகோவுடன் சேர்ந்து முன்வைத்த யோசனையும் கிடப்பில் இருக்கிறது. அதை மற்ற நால்வரும் எடுத்துப் படியுங்கள். தடை விதிக்க நேர்ந்தால், வலிக்கும் பொருளைப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். சிறிய நாடு முறையிட்ட முதல் நாளிலேயே எழுதுங்கள்.

நம்பிக்கையுடன்,
சயாமிலிருந்து திரும்பிய ஒருவரின் பேத்தி,
நாகப்பட்டினம்.