நீ சொன்னதுதான் சரி, பேஸ் கேட்கவே இல்லை

அன்புள்ள சேகருக்கு,

பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, திட்டாதே. வீடு மாறினோம், பெட்டி தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுக்கை. உன் மகள் கீபோர்டு வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடிப்பதாக எழுதியிருந்தாயே, விட்டுவிடு. டெத் மெட்டல் குழுவை நடத்திய நம்ம சக் ஷுல்டினருக்கு ஒன்பது வயதில் அண்ணன் இறந்துபோனான், மனசு கொஞ்சம் ஆறட்டும் என்று பெற்றோர் கிடார் வாங்கிக் கொடுத்தார்கள், வகுப்பு பிடிக்காமல் சீக்கிரமே நின்றுவிட்டு மிச்சத்தைத் தானே கற்றுக்கொண்டான்.

ஆமாம், மறுபடியும் டெத் புராணம்தான். பெட்டிகளைப் பிரித்தபோது நீ ஹாஸ்டலில் ரைட் பண்ணிக் கொடுத்த சிடி கிடைத்தது. மேலே பச்சை மார்க்கரில் 'ஹியூமன்' என்று டெத்தின் ஆல்பம் பெயர், அதற்குக் கீழே உன் கோழிக்கிறுக்கலில் 'பேஸ் எங்கே?', பேஸ் கிடார் காதிலேயே விழவில்லை என்று. அன்றைக்கு இதற்காகச் சண்டை போட்டோம், ஸ்பீக்கர் மட்டம் என்று நான் சாதித்தேன். தப்பு என் பேரில்தான். 2011-ல் அந்த ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட்டார்கள், ஹெட்போனில் கேட்டேன். அதில் பேஸ் வாசித்த ஸ்டீவ் டிஜார்ஜியோ அத்தனை வருஷமாகக் கிடார்களுக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கிறார்! கிடார் ஒரு பக்கம் போக, அவர் அதற்குக் கீழே வேறொரு வழியில் சுற்றி வந்து சரியாக அதே இடத்தில் சேர்கிறார். பேஸ் வாசிக்கிற உனக்கு அது அப்போதே உறுத்தியிருக்கிறது.

அப்புறம் வரிசையாக ஏழு ஆல்பத்தையும் கேட்டேன். 1987-ல் வந்த முதல் ஆல்பத்தில் ஆளே இரண்டு பேர்தான், டிரம்ஸுக்கு கிறிஸ் ரீஃபர்ட், கிடார், பேஸ், குரல் எல்லாம் சக். பாட்டெல்லாம் ரத்தம், பிணம், பேய்ப்படச் சமாசாரம். இருபது வயசுப் பையன், வேறு என்ன எழுதுவான்? 1990-ல் பாட்டு நிஜ மனிதர்களிடம் வந்துவிட்டது, மத வைத்தியம் என்ற பெயரில் நடக்கும் அநியாயம் மாதிரி. அதே வருஷம் ஐரோப்பியச் சுற்றுப்பயணத்துக்கு வரமாட்டேன் என்று சக் ஒதுங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர் இல்லாமலேயே போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அவர் இல்லாமல் அது என்ன டெத்? ஆனால் சொன்ன நேரத்தில் காலை வாரியது அவர்தானே, அவர்கள் மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்தச் சண்டையில்தான் நமக்கு ஹியூமன் கிடைத்தது. பழைய ஆட்களை விட்டுவிட்டு, சினிக் குழுவிலிருந்து கிடாருக்குப் பால் மாஸ்விடாலையும் டிரம்ஸுக்கு ஷான் ரைனெர்ட்டையும் கூட்டிக்கொண்டு 1991-ல் டாம்பாவின் மோரிசவுண்ட் ஸ்டூடியோவில் பதிவு செய்தார். ரைனெர்ட்டின் கை ஜாஸ் கேட்டு வளர்ந்த கை. வேகமாக அடிக்கும்போதும் சிம்பலில் சின்னச் சின்னதாக ஏதோ பேசிக்கொண்டே இருப்பார், அதைப் பிடித்துவிட்டால் அப்புறம் வேறெதுவும் காதில் ஏறாது. 1993 ஆல்பத்தில் ஃபிரெட்லெஸ் பேஸ், அதாவது கழுத்தில் கட்டைகள் இல்லாத பேஸ், நன்றாகவே கேட்கிறது, உன் சாபம் பலித்துவிட்டது போல.

1995-ல் வந்த சிம்பாலிக், எனக்கு இன்னமும் பிடித்த ஆல்பம் அதுதான். நீ '98 ஆல்பம்தான் பெரிது என்பாய். எனக்கென்னவோ அதில் ஒரு பாட்டுக்குள் நாலு பாட்டைத் திணித்த மாதிரி இருக்கிறது. ஆனால் அதில் டிரம்ஸே இல்லாமல் கிடார் மட்டும் வருகிற ஒரு துண்டு உண்டே, 'வாய்ஸ் ஆஃப் தி சோல்', அது ஓடும்போது காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "இது யாருடா, நல்லா வாசிக்கிறானே" என்றாள். அடுத்த பாட்டு வருவதற்குள் ஓடிப்போய் நிறுத்தினேன்.

ஒன்று கவனித்தாயா, குரல் ஆல்பத்துக்கு ஆல்பம் மேலே ஏறிக்கொண்டே போகிறது. அடிவயிற்று உறுமலில் தொடங்கியவர் கடைசியில் கீச்சென்ற கத்தலுக்கு வந்து, 1999-ல் தன் இன்னொரு குழுவான கன்ட்ரோல் டினைடின் ஆல்பத்தில் மைக்கையே பாடகர் டிம் ஐமாரிடம் கொடுத்துவிட்டார். கிடார் போதும் என்று நினைத்தாரோ என்னவோ. அதே வருஷம் மே மாதம் மூளைத்தண்டில் கட்டி என்று தெரிந்தது. சிகிச்சைக்கு மற்ற இசைக்கலைஞர்கள் பணம் திரட்டினார்கள். 2001 டிசம்பர் 13-ல் போய்விட்டார், வயது 34. நமக்கு இப்போது அதைவிட அதிகம், நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

சரி, உன் பேஸ் இன்னும் வீட்டில் இருக்கிறதா, விற்றுவிட்டாயா? தீபாவளிக்கு அந்தப் பக்கம் வருகிறேன். பரணில் கிடந்தால் இறக்கித் துடைத்து, கம்பி மாற்றி வை.

அன்புடன்,
முரளி