பனி அள்ளும் மெஷினும் ஆலை கன்வேயரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கனடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்து அனுப்பலாம் என்று பேச்சு வந்தால், நம் ஊரில் ஊறுகாய், மசாலைத்தூள், ஸ்வெட்டர் என்பதோடு முடிந்துவிடும். போன குளிர்காலத்தில் ஒட்டாவாவில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். அங்கே சொந்த வீடு வாங்கியவர்களுக்குப் பெரிய தலைவலி வாசலில் பனி அள்ளுவதுதான். அதற்கென்று விற்கும் மெஷினைப் பற்றி எழுதுகிறேன். செம்பனை எண்ணெய் ஆலையில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

மருமகன் முதல் வருடம் தள்ளுபடியில் வாங்கியது சின்ன மெஷின். 'சிங்கிள் ஸ்டேஜ்' என்கிறார்கள். முன்னால் சுழலும் ரப்பர் தகடே பனியை அள்ளவும் செய்யும், வீசவும் செய்யும். புதிதாகப் பஞ்சு போல் விழுந்த பனி, ஒரு சாண் உயரம் வரை, அதற்குச் சரி. ஆனால் நகராட்சி வண்டி சாலையைச் சுத்தம் செய்துகொண்டு போகும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வரப்பு கட்டிவிட்டுப் போகிறது. அது இரவில் உறைந்து, காலையில் செங்கல்லாக நிற்கும். அந்த வரப்பில் சின்ன மெஷின் துள்ளி ஏறி நின்றுவிட்டது. மருமகன் மண்வாரியை எடுத்தார். எனக்கு வயது 68, நான் உள்ளே போய் டீ குடித்தேன்.

ஆகவே எந்த மெஷின் என்று வாசலின் நீளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அந்த வரப்பை வைத்து முடிவு செய்யுங்கள்.

அதன் பிறகு 'டூ ஸ்டேஜ்' வாங்கினோம். 24 அங்குல அகலம், சக்கரம் தானே ஓடும். இரும்புத் திருகு பனியை நடுவுக்கு இழுத்து வர, பின்னால் தனியாகச் சுழலும் விசிறி அதை வாங்கிக் குழாய் வழியே தூக்கி எறிகிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன். திருகு சுழன்று சரக்கைத் தள்ளிக்கொண்டு போகும் நம் ஆலையின் ஸ்க்ரூ கன்வேயரேதான்! ஆர்தர் சிகார் என்ற கியூபெக்காரர் கதிரடிக்கும் மெஷினைப் பார்த்துத்தான் 1925-இல் முதல் பனி வண்டியைச் செய்தார் என்கிறார்கள். வயல்காரன் மூளை.

திருகைத் தண்டோடு பிடித்திருப்பது சின்ன ஷியர் பின். கல்லோ உறைந்த கட்டியோ மாட்டினால் பின் உடையும், கியர்பாக்ஸ் தப்பிக்கும். உடைந்த இடத்தில் கையில் கிடைத்த கெட்டி போல்ட்டைப் போட்டு முறுக்கினால் அடுத்த முறை உடைவது கியர்பாக்ஸ். ஆலையில் இந்தப் புத்திசாலித்தனத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். வாங்கும்போதே அந்த மாடலுக்குரிய பின் நாலைந்து சேர்த்து வாங்குங்கள். உதிரிப் பொருள் கிடைக்காத மெஷின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அப்புறம் கை. ஈரப் பனி குழாயை அடைக்கும். எஞ்சினை நிறுத்தி, சுழற்சி நிற்கும்வரை காத்திருந்து, மெஷினோடு வரும் குச்சியால்தான் குத்தி எடுக்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் பெல்ட்டின் இறுக்கத்தால், அடைப்பு விலகும்போது விசிறி ஒரு வெட்டு வெட்டும். கன்வேயரில் இரண்டு விரலைப் பறிகொடுத்த கூட்டாளி ஒருவர் எங்கள் ஆலையில் இருந்தார். போனில் பிள்ளைகளிடம் பேசும்போது இதை மட்டுமாவது சொல்லிவையுங்கள்.

பழைய மெஷின் வாங்குவதானால் முதல் பனி விழும்வரை காத்திருக்காமல் கோடையிலேயே தேடுவது நல்லது. பல மாதம் பெட்ரோலோடு சும்மா நின்றதில் கார்புரேட்டர் பிசின் பிடித்திருக்கும், அதனால் கண்ணெதிரே ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். நாங்கள் போன ஒரு வீட்டில் முதல் இழுப்பிலேயே எஞ்சின் பிடித்தது. மருமகனுக்கு ஒரே சந்தோஷம். நான் அதற்கு முன்பே சைலன்சர் பக்கம் கையைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தேன், எளிதாகப் பிடிக்கட்டும் என்று நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். ஆறிய பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

முன்னாள் ஆலை ஃபிட்டர்,
ஊத்தான் மெலிந்தாங், பேரா.